பூரணத்தின் பன்னிரண்டு கோபங்கள்

இணுவிலில் கட்டில் செய்ய நினைத்தவர்கள் எல்லாரும் பரமலிங்கத்தைத் தேடித்தான் வந்தார்கள். கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, கதிரைக் கால், எது உருண்டையாக வரவேண்டுமோ அது பரமலிங்கத்தின் கடைசல் பட்டறைக்குத்தான் போகும். மானிப்பாயிலிருந்தும் வருவார்கள், உரும்பிராயிலிருந்தும் வருவார்கள். கடைந்த காலைக் கன்னத்தைத் தடவுவது போலத் தடவிப் பார்த்து, "கையெண்டால் கைதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

பரமலிங்கத்தின் பட்டறை பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. நிலத்தில் நட்ட இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரும் புதிருமாக இரண்டு இரும்பு முனைகள். முனைகளுக்கு நடுவில் மரத்துண்டை மாட்டி, அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினால் சரி. ஒரு பக்கம் பரமலிங்கம் உளியோடு குந்தியிருப்பார். மற்றப் பக்கம் ஒரு ஆள் கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாறி மாறி இழுக்க வேண்டும். வலக்கை இழுத்தால் மரம் உளிப்பக்கம் சுழலும், உளி வெட்டும். இடக்கை இழுத்தால் மரம் திரும்பிச் சுழலும், உளி சும்மா இருக்கும். இழுக்கிறவரின் கை சீராக ஓடினால் கால் சீராக வரும். கை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் மரம் முனையிலிருந்து விலகிக் கோணலாகச் சுழலும். பிறகு அது எப்படி இறங்கும் என்று உளி பிடித்தவருக்கும் தெரியாது.

இழுத்தது பூரணம், பரமலிங்கத்தின் மனைவி.

ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் கல்யாணம். எட்டு நாள் அவள் புதுப்பெண்ணாக இருந்தாள். ஒன்பதாம் நாள், கயிறு இழுக்கிற ஆள் கிளிநொச்சிப் பக்கம் வயல்காணி கிடைத்துப் போய்விட்டான். "ஒரு ரெண்டு நாளைக்குப் பிடியும், வேறை ஆள் பாப்பம்" என்றார் பரமலிங்கம். அந்த இரண்டு நாள் பதின்மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. பூரணத்தின் உள்ளங்கை காய்த்துப்போனது. வலத் தோள் இடத் தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்துபோனது. சட்டை தைக்கிற கமலாவதி, "பூரணம், உமக்கு ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு அளவு எடுக்கவேண்டிக் கிடக்கு" என்று ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் முணுமுணுப்பாள்.

பூரணத்துக்குக் கோபமே வராது என்று ஊரில் பேர். சொன்னவர்கள் அவளோடு குடித்தனம் நடத்தவில்லை. கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள், அவ்வளவுதான். போடவும் முடியாது. பட்டறை ஆட்கள் போய்வருகிற ஒழுங்கைக் கரையில் இருந்தது. எந்த நேரமும் யாராவது ஒருவர் கட்டில் காலுக்குக் காவல் இருப்பார். கிடுகு வேலிக்கு அங்காலே கமலாவதி வீடு. இங்கே இருமினால் அங்கே கமலாவதி மல்லித்தண்ணி அவிப்பாள். வாய் திறந்து சண்டை பிடித்தால் மத்தியானத்துக்குள் சுன்னாகம் சந்தை முழுக்கக் கதை போய்விடும்.

ஆகவே பூரணம் வாயை மூடிக்கொண்டு கயிற்றால் சண்டை பிடித்தாள். வலக்கையால் ஒரு வெட்டு வெட்டுவாள், மரம் துள்ளும். பரமலிங்கம் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒன்றும் தெரியாத மாதிரி உளியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அவள் இன்னொரு வெட்டு வெட்டுவாள். அவரும் விடமாட்டார். ஒரு சொல்லும் இல்லாமல் இப்படி அரை மணித்தியாலம் போனால், கட்டில் காலாகப் பிறக்க வேண்டிய பூவரசு ஓரிடத்தில் இடுப்பு ஒடுங்கி, ஓரிடத்தில் வயிறு தள்ளி, தலை ஒரு பக்கம் சரிந்து, எந்தக் கட்டிலுக்கும் ஆகாத சாமானாக இறங்கும். பரமலிங்கம் அதைக் கொட்டில் மூலையில் எறிந்துவிட்டு, "மரம் சரியில்லை" என்பார்.

மரம் என்ன பாவம் செய்தது, சொல்லுங்கள்.

அந்த மூலையில் கிடந்தவற்றைப் பூரணம் அடுப்புக்கு எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் எந்தச் சண்டை என்று அவளுக்குத் தெரியும். உடம்பு சிறுத்துத் தலை பெருத்த ஒன்று, உரும்பிராயில் இருக்கிற மச்சாள் பராசக்தி நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று நாள் என்று வந்து பத்தொன்பது நாள் நின்றபோது கடைந்தது. மூன்று வளையம் ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டு நிற்பது, பரமலிங்கம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்து, வாசலில் கால் வைத்ததும் வைக்காததுமாக, "கத்தரிக்காய்க் குழம்பெண்டால் அதெல்லோ குழம்பு" என்று வயிறு நிறைந்த ஏவறை விட்ட கிழமை. நடுவில் முறுகிச் சாய்ந்தது, மரம் பார்க்கப் போகிறேன் என்று யாழ்ப்பாணம் போனவர், திரும்பி வந்து புதுப் படப் பாட்டை மூக்குக்குள் பாடியதற்கு அடுத்த நாள். இப்படி ஏழு கிடந்தன.

அறுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் சோமசேகரம் மாஸ்டர் வந்தார். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவர். கொழும்பில் ஓவியம் படித்தவர். பேத்திக்குத் தொட்டில் செய்ய நாலு கம்பு வேண்டும் என்று வந்தவரின் கண் மூலைக்குப் போனது.

"உது என்ன, பரமலிங்கம்?"

"அது கழிவு, மாஸ்டர். மரம் சரியில்லை."

மாஸ்டர் ஒன்றைத் தூக்கினார். தூசி தட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு வெள்ளை வேட்டியோடு மரத்தூளுக்குள்ளேயே குந்திவிட்டார்.

"ஐசே, நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீர் எண்டு உமக்குத் தெரியுமோ? இது அரூபச் சிற்பம்!"

பரமலிங்கம் உளியைக் கீழே வைத்தார். "நான் வேணுமெண்டு செய்யேல்லை, மாஸ்டர்" என்றார்.

"அதுதான் கலை! வேணுமெண்டு செய்தால் வராது. இதுக்கு முகமில்லை, கையில்லை, காலில்லை. ஆனால் ஒரு உணர்ச்சி இருக்கு. வெளிநாட்டிலை இப்பிடிச் செய்யிறவங்களைத் தலையிலை தூக்கி வைச்சு ஆடுறாங்கள்."

பரமலிங்கம் தன் தலையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். பூரணம் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே பேர் வைக்கத் தொடங்கினார். மச்சாள் பத்தொன்பது நாள் நின்றதை மடியில் வைத்து, "இதுக்குத் 'தாய்மை' எண்டு பேர்" என்றார். கத்தரிக்காய்க் குழம்பைத் தூக்கி, "இது 'தவம்'. என்ன அமைதி, பாரும்!" என்றார். களவாகப் படம் பார்த்துவிட்டு வந்த நாளை நெஞ்சோடு அணைத்து, "இது 'சத்தியம்'" என்றார். பூரணம் கயிற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடி, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தபோதும் அவளுடைய தோள் குலுங்கியது.

பங்குனிக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்பதென்று மாஸ்டர் தீர்மானித்துவிட்டார். ஏழு போதாது, பன்னிரண்டு வேண்டும் என்றார். "இன்னும் அஞ்சு, பரமலிங்கம். கொஞ்சம் பெரிசாய்."

"அதுக்கென்ன, மாஸ்டர்" என்றார் பரமலிங்கம், அவித்த கிழங்கு கேட்டது போல.

கதை ஊரில் பரவியது. கட்டில் வேண்டாதவர்களும் பட்டறைக்கு வரத் தொடங்கினார்கள். பரமலிங்கத்தின் போக்கு மாறியது. முன்பு குந்தியிருந்து வெட்டியவர் இப்போது பலகை போட்டு இருந்தார். முன்பு மரத்தைப் பார்த்து வெட்டியவர் இப்போது ஆட்கள் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். மருதனார்மடத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், "எப்பிடி இது வருகுது?" என்று கேட்டதற்கு, "நான் உளியை வைப்பன். மரம் தானாய்ச் சுத்தும்" என்றார்.

தானாய்ச் சுத்துமாம்! பூரணம் அதைக் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, மூன்று முழம் தள்ளி இருந்து கேட்டாள். வாத்தியார் அவளைப் பார்க்கவேயில்லை. பட்டறையில் ஒரு கட்டையைப் பார்ப்பது போலக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவளுக்கு வந்தது கோபம் அல்ல. அது வேறு என்னவோ. அவளுக்குச் சிற்பியாக வேண்டும் என்ற ஆசை இல்லை. மாலை வேண்டாம், மேடை வேண்டாம். நாலு பேர் நிற்கிற இடத்தில் இந்த மனுஷன் ஒருதரம் வாய் திறந்து, இவவும் சேர்ந்துதான் செய்தது என்று சொன்னால் போதும். அதை அவள் போய்க் கேட்கமாட்டாள். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? அவராகச் சொல்ல வேண்டும் என்று பூரணம் காத்திருக்கத் தொடங்கினாள்.

காத்திருக்கிறவளின் கை நிதானமாக ஓடும் போலிருக்கிறது. மாசி முழுக்க அவள் இழுத்த இழுப்பில் ஒரு வெட்டு இல்லை, துள்ளல் இல்லை. மரம் எண்ணெயில் சுழல்வது போலச் சுழன்றது. மாஸ்டர் பார்க்க வந்தபோது ஐந்து துண்டுகள் வரிசையாக நின்றன.

"பரமலிங்கம், இது கட்டில் கால்."

"ஓம், மாஸ்டர். நல்ல கட்டில் கால்."

"அதுதானே பிரச்சினை!"

மாஸ்டர் ஒரு அரிசி ஆலைக்காரரிடம் கெஞ்சி, சும்மா கிடந்த மோட்டர் ஒன்றை வாங்கி வந்து பட்டறையில் பூட்டுவித்தார். மின்சாரத்தில் சுற்றினால் கலை வேகமாக வரும் என்று அவருக்கு எண்ணம். மோட்டர் ஒரு பகலில் பதினொரு கால் இறக்கியது. பதினொன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பரமலிங்கம் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய ஏழையும் எடுத்து எதிரே வைத்தார். 'தாய்மை'யைக் கையில் எடுத்து உருட்டினார். அது கடைந்தபோது வீட்டில் யார் நின்றது என்று யோசித்தார். மனுஷன் மடையன் இல்லை. ஒன்றொன்றாக எல்லாம் ஞாபகம் வந்தது. மோட்டரை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்.

விஷயம் விளங்கியவர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? பெண்சாதியிடம் போய், "இஞ்சாரும், எல்லாம் உம்மாலைதான் வந்தது" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அவளுக்குக் கோபம் மூட்டி விடலாம் என்று கிளம்பினார். ஆம்பிளை மூளை.

காலையில் சொதியை வாயில் வைத்துவிட்டு, "தூ, உப்பில்லை" என்றார்.

"ஓமப்பா, மறந்துபோனன்" என்று பூரணம் உப்புச் சிரட்டையை நீட்டினாள்.

மறுநாள், "கமலாவதி வீட்டு முத்தத்தைப் பாரும், என்ன துப்புரவு. எங்கடை முத்தமும் இருக்கு" என்றார். "அவ நல்ல சுறுசுறுப்பு" என்று சொல்லிவிட்டு அவள் விளக்குமாற்றை எடுத்தாள். மூன்றாம் நாள் மரம் பார்க்கப் போவதாகச் சொல்லிப் படத்துக்குப் போய், வந்து, பாட்டை மூக்குக்குள் அல்ல, வாய் திறந்தே பாடினார். "நல்ல பாட்டாக் கிடக்கு, இன்னொருக்காப் பாடுங்கோ" என்றாள் பூரணம்.

கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். உரும்பிராய்க்கு ஆள் அனுப்பித் தங்கச்சி பராசக்தியைக் கூப்பிட்டார். பராசக்தி பெட்டியோடு வந்து இறங்கினாள். பூரணம் அவளுக்குப் பாயாசம் வைத்துக் கொடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பட்டறையைக் காட்டி, இரண்டு நாள் பக்கத்தில் இருத்திக் கதைத்தாள். மூன்றாம் நாள் பராசக்தி தமையனைக் கிணற்றடியில் பிடித்தாள். "அண்ணை, மச்சாளின்ரை கையைப் பாத்தனியளோ? உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?" என்று ஏசிவிட்டு, அதே பெட்டியோடு உரும்பிராய்க்குப் போய்விட்டாள். பரமலிங்கம் கிணற்றடியிலேயே நின்றார்.

பூரணத்துக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்தது. "என்ரை கோபத்தை எனக்குத் தெரியாமல் களவெடுக்கப் பாக்கிறார்" என்று கமலாவதியிடம் வேலி ஓரத்தில் சொன்னாள். "எடுக்கட்டும் பாப்பம்."

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருந்தது. கையில் ஏழு சிற்பமும் பதினாறு கட்டில் காலும் இருந்தன. அப்போது அழைப்பிதழ் அச்சடித்து வந்தது.

மாஸ்டர் அதில் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தடித்த கடுதாசி, பச்சை எழுத்து. பூரணம் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாசித்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பாள். 'சிற்பி பரமலிங்கம் அவர்கள் எவர் துணையுமின்றித் தனியொருவராய்க் கடைந்தெடுத்த பன்னிரு அரூபச் சிற்பங்கள்' என்று இருந்தது. அவள் அதை இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"இதை ஆர் எழுதினது?"

"மாஸ்டர்தான்."

"அச்சடிக்க முதல் உங்களுக்குக் காட்டினவரோ?"

"காட்டினவர்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நல்லாத்தானே எழுதியிருக்கிறார்" என்றார் பரமலிங்கம். அந்தக் கணம் அவர் கோபம் மூட்ட நினைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் அது போய்த் தைத்தது.

எவர் துணையுமின்றி! பூரணம் அழைப்பிதழை மடித்து இடுப்பில் செருகினாள். கூந்தலை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். பட்டறைக்குப் போய்க் கயிற்றை எடுத்தாள்.

"உளியை எடுங்கோ."

"இப்பதானே சாப்பிட்ட..."

"எடுங்கோ எண்டு சொன்னன்."

மூன்று நாள். கயிறு இரண்டு தரம் அறுந்தது. முதல் நாள் பரமலிங்கத்துக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. இரண்டாம் நாள் பயம் பிடித்தது. மூன்றாம் நாள், வன்னியிலிருந்து வந்த முதிரைக் கட்டை ஒன்றை, இரண்டு பேர் தூக்கி வைக்கிற பாரத்தை, பூரணம் மாட்டச் சொன்னாள். அது முனையில் நின்று ஆடிய ஆட்டத்தில் கொட்டில் கூரையிலிருந்து பல்லி விழுந்தது. பரமலிங்கம் இரண்டு கையாலும் உளியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டார். பொழுது சாய அந்தக் கட்டை இறங்கியபோது, அதை என்னவென்று சொல்வது? அடியில் பரந்து, மேலே போகப் போக ஒன்றை ஒன்று தள்ளி விலகி, உச்சியில் ஒரு பெரிய வாய் திறந்த மாதிரி ஒரு பள்ளம். அதோடு மாஸ்டர் கேட்ட ஐந்தும் சரியாகிவிட்டன. பரமலிங்கத்துக்கு அந்த முதிரையைத் தொடவே கை கூசியது.

மாஸ்டர் வந்து பார்த்து அழுதே விட்டார். முதிரைக்கு 'சாந்தி' என்று பேர் வைத்தார்.

கண்காட்சி சனிக்கிழமை பின்னேரம். மண்டபத்தில் கதிரை போதவில்லை. இணுவிலிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். பூரணம் கூறைச்சேலை உடுத்துப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள், பக்கத்தில் கமலாவதி. மேடையில் பரமலிங்கம் பட்டு வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். தலைமை தாங்கியவர் டொக்டர் கனிசியஸ், எலும்பு முறிவு பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் 'சாந்தி'யைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் ஆயிரம் எலும்பு பாத்திருக்கிறன். முறிஞ்சு, நோகப் பொருந்தின எலும்பிலைதான் இப்பிடி ஒரு வளைவு இருக்கும். இது எப்பிடி உம்மடை கைக்கு வந்தது?" என்று ஒலிவாங்கியைப் பரமலிங்கத்தின் வாய்க்குக் கிட்ட நீட்டினார்.

பூரணம் நிமிர்ந்தாள். இதுதான் அந்த நாலு பேர். நாலு என்ன, நானூறு. சொல்லுங்கோ என்று மனதுக்குள் சொன்னாள். பரமலிங்கம் அவளைப் பார்த்தார். வாய் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் இணுவில் கந்தசாமியின்ரை செயல், ஐயா" என்றார்.

மண்டபம் கை தட்டியது. எவ்வளவு பணிவு என்று யாரோ சொன்னார்கள். கமலாவதி பூரணத்தின் கையைப் பிடித்தாள், அது குளிர்ந்திருந்தது. பூரணத்துக்கு முருகனோடு ஒரு பிணக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவள். ஆனால் பதின்மூன்று வருடத்தில் அவர் ஒரு நாளும் வந்து அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை.

அடுத்தது செய்து காட்டல். பட்டறையை வண்டிலில் ஏற்றி வந்து மண்டப முற்றத்தில் நட்டு வைத்திருந்தார்கள். எல்லாரும் வெளியே வந்து சுற்றி நின்றார்கள். டொக்டருக்கும் பெண்களுக்கும் கதிரை போட்டார்கள். பரமலிங்கம் பூவரசுத் துண்டை மாட்டி, கயிற்றைச் சுற்றி, உளியோடு இருந்தார். கயிற்றின் இரண்டு நுனியும் மண்ணில் கிடந்தன.

பூரணம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பரமலிங்கம் கண்ணால் காட்டினார். அவள் தென்னை மரத்தைப் பார்த்தாள். சனம் காத்து நின்றது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "நான் இழுக்கிறன், இதென்ன பெரிய வேலை" என்று சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். முதல் இழுப்பில் மரம் அசையவில்லை. இரண்டாம் இழுப்பில் மரம் முனையிலிருந்து கழன்று டொக்டரின் காலடிக்குப் போனது. மூன்றாம் இழுப்புக்கு இரண்டு நுனியையும் ஒரே நேரத்தில் இழுத்து, மாஸ்டர் பின்பக்கமாக மல்லாந்துபோனார்.

பரமலிங்கம் எழும்பிப் பூரணத்துக்குக் கிட்ட வந்தார். "இஞ்சாரும், வாரும்" என்றார் மெல்ல.

"முருகனைக் கூப்பிடுங்கோ" என்றாள் பூரணம். அவள் மெல்லச் சொல்லவில்லை.

முற்றம் கொல்லென்று சிரித்தது. பரமலிங்கத்தின் முகம் வெளிறிச் சிவந்தது. போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்த மனுஷன் மாலையை ஒருதரம் பிடித்தார், விட்டார். அவளுடைய கண்ணைப் பார்த்தார். அங்கே சண்டை இருக்கவில்லை. தண்ணீர் நின்றது. பதின்மூன்று வருடம் உளிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நான் சொன்னால், அது பொய்யில்லை.

அவர் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். ஒலிவாங்கி இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, நான் உள்ளுக்குச் சொன்னது பொய். அழைப்பிதழிலை கிடக்கிறதும் பொய். மரத்தைச் சுத்திறது நானில்லை, என்ரை மனிசி. பூரணம் எண்டு பேர். இவ எப்பிடி இழுக்கிறாவோ மரம் அப்பிடித்தான் வரும். இவவுக்குக் கோபம் வந்தால் மரம் கோணும். அப்ப நான் உளியை எடுத்துப்போட்டு, என்ன கோபம் எண்டு கேக்கவேணும். கேக்கிறேல்லை. கேட்டால் பிழை என்னிலை எண்டு வந்திடும் எல்லோ? அதாலை உளியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறனான். உள்ளுக்கு நிக்கிற பன்னிரண்டும் இவவின்ரை கோபம். பன்னிரண்டிலையும் பிழை என்னிலை. இதுதான் உண்மை. எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

முதலில் கமலாவதி கை தட்டினாள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்கத் தட்டியது. டொக்டர் கதிரையை விட்டு எழும்பிப் பூரணத்தைப் பார்த்துக் கை கூப்பினார். மாஸ்டர் வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "பன்னிரண்டும் கோபமோ? 'தாய்மை'யுமோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பரமலிங்கம் தன் கழுத்து மாலையைக் கழற்றினார். அவளுக்குப் போட வெட்கப்பட்டு, அவளுடைய கதிரையின் கைப்பிடியில் வைத்தார். பூரணம் எழும்பினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் பக்கத்தில் போய் நின்று கயிற்றை எடுத்தாள். பரமலிங்கம் உளியை வைத்தார். மரம் சுழலத் தொடங்கியது.

அது சுழன்ற சீர்! மரத்தூள் நூல் நூலாக இறங்கியது. மேடில்லை, பள்ளமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாஸ்டர் மட்டும் தவித்தார். பத்திரிகைக்காரர் படம் எடுக்க நிற்கிறார், தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இதென்ன இப்படி வருகிறது என்று குனிந்து வந்து பூரணத்தின் காதுக்குள் சொன்னார்.

"பிள்ளை, கொஞ்சம் கோபியும். ஒரு ரெண்டு வெட்டு வெட்டும், போதும்."

பூரணம் நல்ல மனதோடு முயன்று பார்த்தாள். சொதியை நினைத்தாள், படத்தை நினைத்தாள், பத்தொன்பது நாளை நினைத்தாள். அழைப்பிதழைக்கூட எழுத்துக் கூட்டி நினைத்துப் பார்த்தாள். வலக்கை ஒரே சீராக ஓடியது, இடக்கை ஒரே சீராக ஓடியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"வருகுதில்லை, மாஸ்டர்" என்றாள். "இவர் சொல்லிப்போட்டார். இனி எங்கை போய் நான் கோபத்தை எடுக்கிறது?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு டொக்டருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். பூரணம் மரம் முடியும்வரைக்கும் இழுத்தாள்.